கூரை என்னுடையது, கம்பி யாருடையது?

கடந்த ஆண்டு என் வீட்டு மொட்டை மாடியில் ஆறு சூரிய மின்தகடுகள் ஏறின. மதுரைப் புறநகரில், பணி ஓய்வுக்கு முன்பே கட்டிய வீடு அது. மாடியில் நானும் என் துணைவியாரும் இருக்கிறோம். கீழ்த்தளத்தில் ஓர் இளம் குடும்பம் வாடகைக்கு இருக்கிறது. தகடுகளை நிறுவி, இருவழி மீட்டரும் பொருத்தி, முதல் முழுக் கணக்கீடு முடிந்தபோது பயன்பாட்டுக் கட்டணம் என்ற இடத்தில் பூஜ்யம் இருந்தது. அதற்கு முந்தைய கோடையில் அதே இடத்தில் மூவாயிரம் ரூபாயை நெருங்கிய தொகை இருந்தது. காலை நடைப்பயிற்சிக்கு வரும் நண்பர்களிடம் அந்தப் பூஜ்யத்தைப் பற்றி நான் பேசாத நாளில்லை.

மின்வாரியத்தில் உதவிப் பொறியாளராகப் பணியாற்றும் என் பழைய மாணவர் ஒருவரை ஒரு திருமண விருந்தில் சந்தித்தேன். அவரிடமும் இதைச் சொன்னேன். சிரித்துக்கொண்டே அவர் கேட்டார்: 'மகிழ்ச்சிதான் ஐயா. ஆனால், மாலை ஏழு மணிக்கு நீங்கள் எங்களிடம்தானே வருகிறீர்கள்?'

முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பொருளாதாரம் கற்பித்தவன் நான். ஒருவரின் சேமிப்பு இன்னொருவரின் செலவாக மாறுவதை வகுப்பறையில் எத்தனையோ முறை விளக்கியிருக்கிறேன். என் வீட்டுக் கூரையைப் பற்றி மட்டும் அந்தக் கேள்வியைக் கேட்டுக்கொள்ளத் தோன்றவில்லை. என் மாணவர் கேட்ட பிறகு, மின்கட்டண ரசீதுகளை எடுத்து வைத்துக்கொண்டு ஒரு வாரம் கணக்குப் போட்டேன். அந்தக் கணக்கே இந்தக் கட்டுரை. அதற்குமுன், கூரையில் என்ன நடக்கிறது என்பதைச் சொல்லிவிட வேண்டும்.

ஒளி படும்போது சில பொருள்களில் மின்சாரம் பிறக்கிறது என்பதை 1839-லேயே பிரான்ஸைச் சேர்ந்த எட்மண்ட் பெக்கரெல் கண்டறிந்தார். அதைப் பயன்படத்தக்க கருவியாக்க நூறாண்டுகளுக்கும் மேல் பிடித்தது. 1954-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகம் உருவாக்கிய சிலிக்கான் மின்கலம், தன் மீது விழுந்த ஒளியில் சுமார் 6 விழுக்காட்டை மின்சாரமாக மாற்றியது. இன்று வீட்டுக் கூரைகளில் ஏறும் தகடுகள் 20 விழுக்காட்டுக்கும் மேல் மாற்றுகின்றன. அடிப்படை மாறவில்லை. சிலிக்கான் வில்லையின் ஒரு பக்கம் பாஸ்பரஸ், மறுபக்கம் போரான் என்று மிகச் சிறிய அளவில் கலக்கிறார்கள். இரண்டும் சந்திக்கும் இடத்தில், எலக்ட்ரான்கள் ஒரே திசையில் மட்டும் செல்லத்தக்க ஓர் அமைப்பு உருவாகிறது. ஒளி பட்டு விடுபடும் எலக்ட்ரான்கள் அந்தத் திசையில் ஓடுகின்றன. அதுவே மின்னோட்டம். அசையும் உறுப்பு ஏதுமில்லை, ஓசையில்லை, புகையில்லை.

ஒரு மின்கலம் தருவது ஏறத்தாழ அரை வோல்ட்தான். எனவே, பல கலங்களைத் தொடராக இணைத்துத் தகடாகவும், பல தகடுகளைத் தொடராக இணைத்து ஒரு வரிசையாகவும் ஆக்குகிறார்கள். இந்தத் தொடர் இணைப்பில் ஒரு சிக்கல் உண்டு. ஏரிக்கு வரும் வாய்க்காலில் ஓரிடத்தில் மண் சரிந்தால் கடைமடை வரைக்கும் நீர் குறைவதைப் போல, ஒரு தகட்டின் மூலையில் நிழல் விழுந்தாலும் மொத்த வரிசையின் உற்பத்தி குறையும். நிழல் பட்ட பகுதியைச் சுற்றிக்கொண்டு மின்னோட்டம் செல்வதற்கு டையோடுகள் வைத்திருக்கிறார்கள் என்றாலும் இழப்பு இழப்புதான். எங்கள் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியின் நிழல் மாலை நான்கு மணிக்குக் கடைசித் தகட்டின் மேல் ஏறுகிறது. நிறுவ வந்தவர்கள் இதைச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

கத்திரி வெயிலில்தான் மிகுந்த மின்சாரம் கிடைக்கும் என்று பலரும் எண்ணுகிறார்கள். அது உண்மையில்லை. தகட்டுக்கு வேண்டியது ஒளி. வெப்பம் அதற்குப் பகை. தகட்டின் திறனை 25 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில் அளந்துதான் முத்திரையிடுகிறார்கள். அதற்குமேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறக்குறைய 0.3 முதல் 0.4 விழுக்காடு உற்பத்தி குறையும். மே மாத நண்பகலில் தகட்டின் சூடு 60 டிகிரியைத் தாண்டும்போது எட்டில் ஒரு பங்கு வரை இப்படியே கரைந்துவிடும். வானம் தெளிந்து, காற்றும் இதமாக இருக்கும் மாசி, பங்குனி மாதங்களே நல்ல மகசூல் காலம். ஐப்பசி, கார்த்திகையில் பாதியாகவும் குறையலாம். ஆண்டுச் சராசரியாகத் தமிழகத்தில் ஒரு கிலோவாட் அமைப்பு நாளொன்றுக்கு நான்கு யூனிட் தரும் என்று கொள்ளலாம். அதற்குச் சுமார் நூறு சதுர அடி இடம், தெற்கு நோக்கிய சிறு சாய்வு, பதினைந்து நாளுக்கு ஒரு முறை தூசியையும் பறவை எச்சத்தையும் கழுவிவிட ஒரு குழாய் வேண்டும்.

தகட்டில் பிறப்பது நேர்த்திசை மின்னோட்டம். வீட்டில் ஓடுவதோ, நொடிக்கு ஐம்பது முறை அலையும் மாறுதிசை மின்னோட்டம். ஒன்றை மற்றொன்றாக மாற்றி, தெருவில் வரும் மின்சாரத்தின் அலையோடு இம்மி பிசகாமல் ஒத்திசையச் செய்வது இன்வெர்ட்டரின் வேலை. மின்தடைக்காகப் பல வீடுகளில் பேட்டரியோடு இருக்கிறதே, அந்த இன்வெர்ட்டர் வேறு, இது வேறு. தெருவில் மின்சாரம் நின்றால் இதுவும் உடனே நின்றுவிடும். பழுது பார்ப்பதற்காகக் கம்பத்தில் ஏறியிருக்கும் ஊழியரின் கைக்கு, நம் வீட்டிலிருந்து மின்சாரம் போய்விடக் கூடாது என்பதற்கான பாதுகாப்பு அது. எங்கள் பகுதியில் மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்சாரத்தை நிறுத்திய முதல் நாள், நண்பகல் பன்னிரண்டு மணிக்கு என் துணைவியார் கேட்டார்: 'சூரியன் தலைக்கு மேலே நிற்கிறது; விசிறியும் நிற்கிறதே?' இரண்டு லட்சம் ரூபாய் செலவழித்த பின் இந்தக் கேள்விக்கு விடை சொல்வது எளிதாக இல்லை.

அடுத்தது மீட்டர். பகல் பத்து மணிக்குமேல் என் கூரை இரண்டு கிலோவாட்டுக்கு மேல் தருகிறது. அப்போது வீட்டில் ஓடுவது ஒரு குளிர்பதனப் பெட்டியும் இரண்டு விசிறிகளும்தான். மிஞ்சியது மின்வாரியத்தின் கம்பிக்குப் போகிறது. மாலையில் விளக்கு, தொலைக்காட்சி, இரவில் குளிர்சாதனம் என்று வாங்கிக்கொள்கிறோம். கொடுத்ததை வாங்கியதிலிருந்து கழித்து, மீதிக்கு மட்டும் கட்டணம். இதுவே நிகர அளவீட்டு முறை. பகலில் விளைந்ததை ஊர்க் களஞ்சியத்தில் கொட்டிவிட்டு இரவில் அதே மரக்காலால் அளந்து வாங்கிக்கொள்வது போன்றது. ஆனால், மின் கட்டமைப்பு களஞ்சியமல்ல. நண்பகலில் நான் கொடுத்த யூனிட் அந்தக் கணமே யாரோ ஒருவரால் செலவழிக்கப்பட்டுவிடுகிறது. இரவு எனக்குக் கிடைப்பது அனல்மின் நிலையமோ, அணுமின் நிலையமோ, காற்றாலையோ, வெளிச்சந்தையோ தந்த வேறொரு யூனிட். இரண்டையும் சமம் என்று எழுதுவது கணக்கேட்டில் மட்டுமே சாத்தியம்.

இனிப் பணக் கணக்கு. தமிழகத்தில் வீடுகளுக்கான மின்கட்டணம் படிக்கட்டு போன்றது. புரிந்துகொள்ள எளிது என்பதால் 2022 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த பட்டியலையே எடுத்துக்கொள்கிறேன். அதன்பின் கட்டணம் உயர்ந்திருக்கிறது. ஆனால், படிக்கட்டின் அமைப்பு மாறவில்லை. இரண்டு மாதங்களுக்கு முதல் 100 யூனிட் இலவசம். மொத்தப் பயன்பாடு 500 யூனிட்டுக்குள் இருந்தால் அடுத்த நூறுக்கு 2.25 ரூபாய், அதன்பின் 400 வரை 4.50 ரூபாய். 500-ஐத் தாண்டியவர்களுக்கு 101 முதல் 400 வரை 4.50, அடுத்த நூறுக்கு 6, பிறகு 8, 9, 10 என்று ஏறி, ஆயிரத்துக்கு மேல் 11 ரூபாய்.

இரண்டு மாதங்களுக்கு 1,000 யூனிட் செலவழிக்கும் ஒரு வசதியான வீடு 6,550 ரூபாய் கட்டும். அந்த வீட்டில் மூன்று கிலோவாட் சூரிய அமைப்பு இருந்தால் இரண்டு மாதங்களில் ஏறத்தாழ 720 யூனிட் கிடைக்கும். கட்டணம் 280 யூனிட்டுக்கு மட்டுமே. அதாவது 585 ரூபாய். சேமிப்பு 5,965 ரூபாய். ஆண்டுக்கு முப்பத்தைந்தாயிரத்துக்கும் மேல். அமைப்புக்கு இரண்டு லட்சம் ஆகிறது என்று வைத்துக்கொண்டால், மத்திய அரசின் மானியம் 78,000 போக மீதி 1,22,000 ரூபாய் மூன்றரை ஆண்டுகளில் திரும்பிவிடும். தகடுகளுக்கு 25 ஆண்டு உத்தரவாதம் தருகிறார்கள். எந்த வங்கியின் வைப்புத்தொகையும் இதன் அருகில் வர முடியாது.

என்னைப் போல 600 யூனிட் செலவழிப்பவர் இதே பட்டியலில் 2,750 ரூபாய் கட்டுவார். அதே மூன்று கிலோவாட் அமைப்பு அதைப் பூஜ்யமாக்கும். போட்ட பணம் திரும்ப ஏழரை ஆண்டுகள் ஆகும், பரவாயில்லை. 300 யூனிட் செலவழிக்கும் ஆசிரியர் அல்லது சிறு கடைக்காரரின் குடும்பத்துக்குக் கட்டணமே 675 ரூபாய்தான். அவர் ஒரு கிலோவாட் போட்டாலும், மானியம் போக நாற்பதாயிரம் ரூபாய் திரும்புவதற்குப் பத்து ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். எங்கள் தெரு முனையில் துணி தேய்த்துக் கொடுப்பவரின் வீட்டில் இரண்டு மாதங்களுக்கு நூறு யூனிட்டுக்குள்தான் ஓடுகிறது. கட்டணமே கட்டாத அவருக்குச் சூரியன் எதையும் மிச்சப்படுத்தித் தர முடியாது.

ஒரே சூரியன், ஒரே தகடு, ஒரே மானிய விகிதம். பயனோ, யார் மிகுதியாகச் செலவழிக்கிறாரோ அவருக்கே மிகுதி. படிக்கட்டுக் கட்டணத்தை ஏன் வைத்தோம்? மேல்படியில் நிற்பவர் சற்றுக் கூடுதலாகத் தந்து கீழ்ப்படியில் நிற்பவரின் சுமையைக் குறைக்க வேண்டும் என்பதற்காக. மேல்படிக்காரர் தகடு போட்டதும் முதலில் மறைவது அந்த எட்டு, ஒன்பது, பத்து ரூபாய் யூனிட்டுகள்தான். மேலே சொன்ன வசதியான வீட்டில், மின்வாரியம் இழந்தது ஒரு யூனிட்டுக்குச் சராசரியாக 8.28 ரூபாய்.

அதற்கு ஈடாக வாரியத்துக்குக் கிடைத்தது என்ன? நண்பகல் நேரத்துச் சூரிய மின்சாரம். சந்தையில் அதன் விலை என்ன என்று பார்ப்போம். இராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 2016-இல் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் திறக்கப்பட்டபோது அதன் மின்சாரத்துக்கு யூனிட்டுக்கு 7.01 ரூபாய் விலை. மறு ஆண்டே ராஜஸ்தானின் பாட்லாவில் நடந்த ஏலத்தில் விலை 2.44 ரூபாய்க்கு இறங்கியது. 2020 டிசம்பரில் குஜராத் ஏலம் 1.99 வரைக்கும் சென்றது. பெரிய சூரிய நிலையங்களிலிருந்து இப்படி மலிவாகக் கிடைக்கும் பண்டத்தை, என் கூரையிலிருந்து எடுத்துக்கொண்டதற்காக எட்டு ரூபாய்க் கட்டணத்தை வாரியம் தள்ளுபடி செய்கிறது. கூரையில் பிறக்கும் மின்சாரம் அருகிலேயே செலவாவதால் கம்பியிழப்பு குறைகிறது. பகலில் விலை கொடுத்து வாங்கும் தேவையும் குறைகிறது. இந்த நன்மைகளை நான் மறுக்கவில்லை. ஆனால், அவை அந்த இடைவெளியை நிரப்பப் போதுமானவை அல்ல.

மின்வாரியத்தின் செலவுகளில் பெரும்பகுதி, மின்சாரம் ஓடினாலும் ஓடாவிட்டாலும் செய்தாக வேண்டியவை. அனல்மின் நிலையங்களோடு செய்துகொண்ட நீண்டகால ஒப்பந்தங்களின் நிலைக்கட்டணம், மின்மாற்றிகள், கம்பங்கள், ஊழியர் ஊதியம், வாங்கிய கடனுக்கு வட்டி. ஒரு லட்சம் கோடி ரூபாயைத் தாண்டிய திரண்ட நட்டத்தைச் சுமக்கும் அமைப்பு அது. நன்றாகக் கட்டணம் செலுத்துபவர்கள் ஒவ்வொருவராக விலகினால், அந்தச் செலவு மீதமிருப்பவர்கள்மீது விழும். கட்டணம் உயரும்; உயர்ந்தால் மேலும் பலர் கூரைக்கு ஏறுவார்கள்; மீண்டும் உயரும்.

இது வெறும் ஊகமன்று. பாகிஸ்தானில் மின்கட்டணம் தாங்க முடியாத அளவுக்கு உயர்ந்தபோது வசதியுள்ளவர்கள் சீனத் தகடுகளை வாங்கிக் குவித்தார்கள். 2024-இல் மட்டும் அந்நாடு இறக்குமதி செய்தவை ஏறத்தாழ 17,000 மெகாவாட் திறன் கொண்டவை. கட்டமைப்பின் செலவை எஞ்சிய நுகர்வோர் சுமக்க வேண்டியதாயிற்று. 2025 மார்ச்சில், கூரை மின்சாரத்தை யூனிட்டுக்கு 27 பாகிஸ்தான் ரூபாய்க்கு வாங்குவதை 10 ரூபாயாகக் குறைக்க அமைச்சரவையின் பொருளாதார ஒருங்கிணைப்புக் குழு ஒப்புதல் தந்தது; பெரும் கூக்குரல் எழுந்தது. தொடக்கத்தில் தாராளமாக அள்ளிக்கொடுத்துவிட்டுப் பின்னர் திடீரெனப் பிடுங்க நேரும்போது, அரசை நம்பி முதலீடு செய்தவர்களும் ஏமாறுகிறார்கள். செய்யாதவர்களும் ஏற்கெனவே இழந்திருக்கிறார்கள்.

இலங்கையின் அனுபவம் வேறு வகையானது. 2016-இல் தொடங்கிய 'சூரிய பல சங்கிராமய' திட்டத்தால் அங்கே கூரை மின்சாரம் வேகமாகப் பரவியது. 2025 பிப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. தேவை குறைந்த நாள்; வெயிலுக்குக் குறைவில்லை. பாணந்துறை துணைமின் நிலையத்தில் குரங்கு ஒன்றால் நேர்ந்ததாகச் சொல்லப்பட்ட கோளாறு நாடு முழுவதும் மின்சாரத்தை நிறுத்திவிட்டது. குரங்கைப் பற்றிய நகைச்சுவைகள் ஓய்ந்த பிறகு பொறியாளர்கள் சுட்டிக்காட்டியது வேறு. அனல், நீர்மின் நிலையங்களில் சுழலும் கனமான இயந்திரங்கள் ஓர் அதிர்ச்சியைத் தாங்கிச் சமாளிக்கும் ஆற்றலைக் கட்டமைப்புக்குத் தருகின்றன. சூரிய மின்சாரத்தின் பங்கு மிகுந்த அந்த முற்பகலில் அப்படிச் சுழன்றுகொண்டிருந்தவை குறைவு. இரண்டு மாதங்கள் கழித்து, சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் கூரை அமைப்புகளைப் பகல் வேளையில் அணைத்துவைக்குமாறு இலங்கை மின்சார சபை மக்களைக் கேட்டுக்கொண்டது. சூரியனை நம்பித் தகடு போட்டவரிடம், சூரியன் இருக்கும்போது அதை அணைத்துவையுங்கள் என்று சொல்ல வேண்டிய நிலை.

நாம் அந்த இடத்தில் இல்லை. தமிழகத்தின் கட்டமைப்பு பெரியது. அண்டை மாநிலங்களோடு இணைந்தது. இங்கே கூரைகளின் பங்கு இன்னும் சிறிதே. ஆனால், வேகம் கூடியிருக்கிறது. 2024 பிப்ரவரியில் மத்திய அமைச்சரவை 75,021 கோடி ரூபாய் ஒதுக்கீட்டில் ஒப்புதல் தந்த பிரதமரின் சூரிய வீடு இலவச மின்சாரத் திட்டம், ஒரு கோடி வீடுகளை இலக்காகக் கொண்டது. இரண்டு கிலோவாட் வரை ஒவ்வொரு கிலோவாட்டுக்கும் 30,000, மூன்றாவதற்கு 18,000 ரூபாய் மானியம். அதே ஆண்டு திருத்தப்பட்ட நுகர்வோர் உரிமை விதிகளின்படி, பத்து கிலோவாட் வரையிலான அமைப்புக்குத் தொழில்நுட்பச் சாத்தியக்கூறு ஆய்வு தேவையில்லை. நான் அலைச்சலின்றி இணைப்புப் பெற்றதற்கு இவையே காரணம். எனவே திட்டத்தைக் குறை சொல்வது என் நோக்கமன்று. விதிகளைச் சீர்செய்ய ஏற்ற காலம் இப்போதுதான், கூரைகள் இன்னும் நிரம்பாத இந்தச் சில ஆண்டுகள்தான் என்பதே என் வாதம்.

என் வீட்டின் கீழ்த்தளத்துக்கு வருகிறேன். அங்கே குடியிருப்பவர் இருசக்கர வாகன விற்பனை நிலையத்தில் வேலை பார்க்கிறார். கைக்குழந்தை இருப்பதால் பகலெல்லாம் விசிறி ஓடும். அவர்களுக்குத் தனி மீட்டர். மின்சாரத்துக்கு வீட்டுக்காரர், குடியிருப்பவர் என்ற வேறுபாடு தெரியாது. அருகில் எங்கே தேவையிருக்கிறதோ அங்கே பாயும். ஆகவே, நண்பகலில் என் கூரையிலிருந்து வெளியேறும் மின்சாரம் இயற்பியல் கணக்கின்படி முதலில் போய்ச் சேர்வது கீழே தொட்டிலுக்கு மேல் சுழலும் அந்த விசிறிக்குத்தான். பணக் கணக்கின்படியோ, அந்த யூனிட் என் பெயரில் வரவு; அவருடைய ரசீதில் செலவு. கடந்த முறை அவர் கட்டிய தொகை ஆயிரம் ரூபாயைத் தாண்டியது. நான் கட்டியது பூஜ்யம். மானியமாக எனக்குக் கிடைத்த 78,000 ரூபாயில், அவர் வாங்கும் ஒவ்வொரு சோப்புக்கட்டிக்கும் கட்டிய வரியும் இருக்கிறது.

வாடகை வீட்டில் இருப்பவர்கள், அடுக்ககங்களில் மூன்றாம் தளத்தில் இருப்பவர்கள், ஓட்டு வீட்டிலும் தகரக் கூரையின் கீழும் வாழ்பவர்கள் என்று பெரும் மக்கள்தொகைக்குத் தனக்கெனக் கூரையே இல்லை. இவர்களுக்காக மெய்நிகர் நிகர அளவீடு என்றொரு முறை இருக்கிறது. ஒரு பள்ளிக் கட்டடத்தின் மேலோ, ஊர்ப் பொது நிலத்திலோ ஒரே அமைப்பை நிறுவி, அதில் கிடைக்கும் யூனிட்டுகளைப் பங்குதாரர்களின் மீட்டர்களில் கழித்துக்கொள்வது. கூட்டுறவுச் சங்கத்தில் பங்கு வாங்குவதைப் போன்றதுதான். தில்லியின் ஒழுங்குமுறை ஆணையம் 2019-லேயே இதற்கு வழிகாட்டு நெறிகளை வகுத்துவிட்டது. கூட்டுறவில் நெடிய மரபுள்ள தமிழகத்தில் இது பரவலான நடைமுறையாக வேண்டும். கூரைக்குக் கொடுக்கும் மானியத்தைப் பங்குக்குக் கொடுப்பதில் அரசுக்குக் கூடுதல் செலவு எதுவும் இல்லை.

நூறு யூனிட்டுக்குள் வாழும் குடும்பங்களைப் பற்றித் தனியாகச் சிந்திக்க வேண்டும். 2016 முதல் அவர்களுக்கு மின்சாரம் இலவசம். மின்சாரச் சட்டம் 2003-இன் 65-ஆவது பிரிவின்படி அந்தத் தொகையை மாநில அரசு வாரியத்துக்கு ஈடுசெய்ய வேண்டும், ஆண்டுதோறும் செய்கிறது. அதாவது இந்தக் குடும்பங்களுக்குச் சூரிய மின்சாரம் பொருத்தினால் மிச்சம் பிடிப்பது அரசுதான். எனவே முதலீடும் அரசினுடையதாக இருப்பதே முறை. ஒரு கிலோவாட் அமைப்பு இரண்டு மாதங்களில் 240 யூனிட் தரும். நூறு போக மீதி வாரியத்துக்கு. மானியமாக ஆண்டுதோறும் கரையும் பணத்தின் ஒரு பகுதியையாவது கால் நூற்றாண்டு உழைக்கும் சொத்தாக மாற்றலாம்.

இதில் முன்னனுபவமும் உண்டு. 2011-இல் தொடங்கிய முதலமைச்சரின் சூரிய மின்சக்தியுடன் கூடிய பசுமை வீடுகள் திட்டத்தில், 300 சதுர அடி வீடு ஒவ்வொன்றிலும் சூரிய சக்தியில் எரியும் ஐந்து விளக்குகள் வைக்கப்பட்டன. சில ஆண்டுகள் கழித்து மதுரை மாவட்டத்துக் கிராமம் ஒன்றுக்கு மாணவர்களோடு கள ஆய்வுக்குப் போனபோது அத்தகைய வீடுகள் சிலவற்றைப் பார்த்தேன். தகடு கூரையில் நன்றாகவே இருந்தது. பேட்டரி செத்துப்போய், அதன்மேல் அரிசிப் பானை வைத்திருந்தார்கள். பொருத்தியவர் யார், பழுது பார்ப்பவர் யார் என்று அந்த வீட்டு அம்மாவுக்குத் தெரியவில்லை. பழுதுக்கும் பராமரிப்புக்கும் ஒரு பொறுப்பாளரை வைக்காமல் ஏழைகளின் கூரையில் எதையும் ஏற்றக் கூடாது என்பதை அன்று குறித்துக்கொண்டேன்.

மாலை ஏழு மணிக்கு வருகிறேன், என் மாணவர் சொன்ன ஏழு மணிக்கு. சூரியன் மறைந்த பிறகு எல்லா வீடுகளும் ஒரே நேரத்தில் கைநீட்டுகின்றன. அந்தச் சில மணி நேரத்துக்காகவே பல மின்நிலையங்களைத் தயார் நிலையில் வைத்திருக்க வேண்டியிருக்கிறது. 2023-இல் மத்திய அரசு திருத்திய விதிகள், சூரிய ஒளி நேரத்தில் கட்டணத்தைக் குறைக்கவும் உச்ச நேரத்தில் கூட்டவும் வழிசெய்கின்றன. வேளாண்மை நீங்கலாக ஏனைய நுகர்வோருக்கு 2025 ஏப்ரல் முதல் என்று காலக்கெடுவும் சொன்னார்கள். ஸ்மார்ட் மீட்டர்கள் வந்த பிறகே வீடுகளில் இது நடைமுறையாகும். வரும்போது, பகல் யூனிட்டுக்கு இரவு யூனிட்டை ஈடாகப் பெறும் என் சலுகையின் மதிப்பு குறையும். குறையட்டும். அப்போதுதான் துணி துவைக்கும் இயந்திரத்தையும் தண்ணீர் மோட்டாரையும் நண்பகலில் ஓட்டப் பழகுவோம். பேட்டரி வாங்குவதிலும் பொருளிருக்கும்.

கம்பிக்கு விலை உண்டு என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். கூரை மின்சாரத்துக்கு வலையமைப்புக் கட்டணம் விதிக்கத் தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் 2021-இல் வழிவகுத்தபோது எதிர்ப்பு கிளம்பியது. சிறுதொழில்களுக்கு அது பின்னர் பாதியாகக் குறைக்கப்பட்டது. மேலே போட்ட கணக்குகளில் அதை நான் சேர்க்கவில்லை. அந்தக் கட்டணத்தை அநியாயம் என்று சொல்பவர்களோடு நான் உடன்படவில்லை. இரவெல்லாம் எனக்காக விழித்திருக்கும் கம்பிக்கு நான் ஏதாவது கொடுத்தாக வேண்டும். ஆனால், எல்லோருக்கும் ஒரே விகிதம் என்பது மீண்டும் கீழ்ப்படிக்காரரையே தாக்கும். ஒரு கிலோவாட், இரண்டு கிலோவாட் போட்டவருக்கு விலக்கு. அதற்குமேல் திறன் ஏற ஏறக் கட்டணமும் ஏறலாம். நுகர்வுக்குப் படிக்கட்டு வைத்த நாம் உற்பத்திக்கும் அதை வைக்கத் தயங்க வேண்டியதில்லை. அடுத்த பத்தாண்டுகளுக்கு இதுதான் விகிதம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் பாகிஸ்தானில் எழுந்தது போன்ற கூக்குரலுக்கும் இடமிருக்காது.

கட்டணம் பற்றிய முடிவுகளுக்கு முன் ஒழுங்குமுறை ஆணையம் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டங்கள் நடத்துவது வழக்கம். நான் இரண்டு முறை பார்வையாளனாகப் போயிருக்கிறேன். ஆலை அதிபர்களின் சங்கங்கள், விவசாயிகள் சங்கங்கள், ஓய்வுபெற்ற பொறியாளர்கள், அரசியல் கட்சியினர் எனப் பலரும் வந்திருந்தார்கள். சொந்தக் கூரை இல்லாதவர்களுக்காகப் பேச யாரும் வந்ததாக நினைவில்லை. அடுத்த கூட்டம் மதுரையில் நடந்தால், என் பூஜ்ய ரசீதை எடுத்துக்கொண்டு போவதாக இருக்கிறேன். கீழ்வீட்டுத் தம்பியிடமும் அவருடைய ரசீதோடு வரச் சொன்னேன். 'அன்றைக்கு லீவு கிடைக்குமா என்று கேட்டுவிட்டுச் சொல்கிறேன் சார்' என்றார்.